ஏட்டில் ஏறாத உயிர்கள்

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்களைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர். தமிழி எழுத்தில் அமைந்த அக்கற்களுள் ஒன்று, ஆகோள் பூசலில் இறந்துபட்ட ஒருவனின் பெயரைச் சொல்கிறது. அவனது ஊரைச் சொல்கிறது. கூடலூரில் நிகழ்ந்த பூசலில் அவன் மாண்டான் என்பதையும் சொல்கிறது. பெயர், ஊர், இறப்பின் காரணம் ஆகிய மூன்றும் சில சொற்களிலேயே அடங்கிவிட்டன. இன்றைய இறப்புப் பதிவேட்டில் நாம் நிரப்புகின்ற முதன்மையான கட்டங்களும் இவையே. இறந்தவர் இன்னார் என்று எழுதி வைப்பது வெள்ளையர் நமக்குக் கற்றுத் தந்த வழக்கம் என்று கருதுவோர் இக்கல்லை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

எனினும், நடுகல் பெரும்பாலும் வீரனுக்கே நின்றது. நம் கபர்ஸ்தான்களிலும் மீசான் கல்லில் பெயர் பொறிக்கப் பெறுவோர் வசதியுடையோரே ஆவர். ஏனையோரின் தலைமாட்டில் பெயரற்ற ஒரு கல்லோ ஒரு செடியோ நிற்கிறது. சில மழைக்காலங்கள் கடந்ததும் அதுவும் அடையாளம் இழந்துவிடுகிறது. கல் நாட்ட வழியற்றவருக்கும் ஒரு வரி எழுத்து உண்டு என்னும் உறுதியை நாட்டு மக்களுக்குத் தருவதுதான் பிறப்பு இறப்புப் பதிவேடு. அவ்வுறுதி காக்கப்படுகிறதா, காக்கப்படவில்லையெனில் குறை எங்கே உள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு கணக்கு நோட்டின் சாட்சியம்

காரியாபட்டி வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் அம்மையார் சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் இல்லம் தேடி வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பை நிறையக் காகிதங்கள். அவருடைய கணவர் பட்டாசுத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். மூச்சிரைப்பு முற்றி வீட்டிலேயே உயிர் நீத்தவர். காலையில் இறந்தார், அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் முடிந்தது. ஊரே திரண்டு தோள் கொடுத்த அந்த ஜனாஸாவுக்கு அரசின் ஏட்டில் ஒரு வரியும் இல்லை. அதே ஆண்டில் அவருடைய மாமனாரும் காலமாகியிருந்தார். அவ்விறப்பும் பதியப்படவில்லை.

எட்டு ஆண்டுகள் கழிந்து, மாமனார் பெயரிலிருந்த புஞ்சை நிலத்தைப் பங்கிடும் பேச்சு எழுந்தது. அப்போதுதான் ஒரு வினா குறுக்கே வந்து நின்றது. இருவருள் முன்னர் இறந்தவர் யார்? வாரிசுரிமைச் சட்டத்தை அறிந்த பெரியோர்க்கு இவ்வினாவின் கனம் விளங்கும். தந்தை உயிரோடிருக்கும்போதே ஒரு மகன் இறந்து, வேறொரு மகன் உயிரோடிருந்தால், இறந்த மகனின் பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் வாரிசுப் பங்கு இல்லை. தந்தை முதலில் இறந்து மகன் பின்னர் இறந்திருந்தாலோ, மகனைச் சேர்ந்த பங்கு அவருடைய மனைவி மக்களுக்கு வந்து சேரும். ஆக, தந்தையை இழந்த இரு பிள்ளைகளின் நிலம் ஒரு தேதியை நம்பி நின்றது. அம்மையாரின் கொழுந்தனார் ஒரு மாதத்தைச் சொன்னார். அம்மையார் வேறொரு மாதத்தைச் சொன்னார். இருவருள் எவரும் பொய்யுரைத்ததாக நமக்குத் தோன்றவில்லை. எட்டு ஆண்டுகளில் நினைவு அவரவர் பக்கம் சாய்வது மனித இயல்பே.

முடிவில் வழிகாட்டியது பள்ளிவாசலின் பழைய செலவுக் கணக்கு நோட்டு. கபன் துணிக்கு இவ்வளவு, குழி வெட்டிய கூலி இவ்வளவு என்று மோதினார் எழுதி வைத்திருந்த இரு குறிப்புகள் பிறைத் தேதிகளுடன் அதில் இருந்தன. தந்தையார் ரஜப் மாதத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தார், மகனார் துல்கஃதாவில். அந்நோட்டைத் துணைச் சான்றாக வைத்து, பதிவின்மைச் சான்று பெற்று, மனு எழுதி, விசாரணை முடிந்து, காலங்கடந்த பதிவுக்கான ஆணை கிடைப்பதற்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அதன் பின்னரே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று ஒவ்வொன்றாக நகர்ந்தன. அந்த ஓராண்டில் அம்மையார் இழந்த கூலி நாட்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. மோதினார் செலவுக் கணக்கில் கண்டிப்பானவராக இல்லாதிருந்தால் அப்பிள்ளைகளின் கதி என்னவாகியிருக்கும் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு.

சட்டம் சொல்வது

சட்டம் இல்லாமையால் இந்நிலை நேரவில்லை. 1886-ஆம் ஆண்டிலேயே பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுச் சட்டம் ஒன்று இந்தியாவில் இயற்றப்பட்டது. சென்னை மாகாணத்திற்கென 1899-இல் தனிச் சட்டம் வந்தது. கிராமங்களில் பரம்பரை ஊர் அலுவலர்களான முன்சீப்பும் கர்ணமும் ஏடுகளைப் பேணினர். 1980 நவம்பரில் தமிழக அரசு அப்பதவிகளை ஒழித்தது. பின்னர் அப்பொறுப்பு கிராம நிர்வாக அலுவலரைச் சார்ந்தது. நாடு முழுமைக்கும் பொதுவான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் நிறைவேறி, 1970 ஏப்ரல் 1 முதல் பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது.

இன்றைய விதிகளின்படி, பிறப்பாயினும் இறப்பாயினும் 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதியலாம். அதன் பின் 30 நாட்கள் வரை தாமதக் கட்டணம். ஓராண்டு வரை உரிய அதிகாரியின் எழுத்துமூல இசைவு. ஓராண்டு கடந்துவிட்டால் நடுவரின் ஆணை வேண்டும். நாள் ஏற ஏறப் படியும் ஏறுகிறது. ஒழுங்குக்கு இஃது இன்றியமையாதது என்பர். ஆனால் அப்படிகளில் ஏறி இறங்க வேண்டியவர் யார் என்று பார்த்தால், துக்க வீட்டிலிருக்கும் ஏழையே. இத்தா இருக்கும் பெண் நான்கு மாதம் பத்து நாள் வெளியே செல்லத் தயங்கும் நம் குடும்பங்களில், 21 நாள் என்பது எத்துணைச் சிறிய அவகாசம் என்பதைப் பெரியோர் எண்ணிப் பார்க்க வேண்டும். அவளுக்காக ஓர் ஆண்மகன் அலுவலகம் செல்ல வேண்டும். அத்தகைய ஆண்மகன் இல்லாத வீட்டில்தான் பதிவு தவறிவிடுகிறது.

இச்சட்டத்தில் பலரும் அறியாத ஒரு பிரிவு உண்டு. குடும்பத்தார் மட்டுமன்றி, பேறு பார்த்த மருத்துவச்சியும், நோயாளியைக் கவனித்த மருத்துவப் பணியாளரும், சடலங்களை அடக்கம் செய்யும் இடத்தின் பொறுப்பாளரும் பதிவாளருக்குத் தகவல் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று பத்தாம் பிரிவு கூறுகிறது. கபர்ஸ்தானை நிர்வகிக்கும் ஜமாஅத்தும், கல்லறைத் தோட்டத்தைப் பேணும் தேவாலயமும், சுடுகாட்டைப் பராமரிக்கும் ஊராட்சியும் இப்பொறுப்பினின்று விலக முடியாது. ஆனால் நாம் அறிந்த முத்தவல்லிகளுள் பலருக்கு இப்படியொரு கடமை தமக்குண்டு என்று எவரும் சொன்னதில்லை.

விடுபடுவோர் யார்?

2019–21-இல் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 89 பேரின் பிறப்பு பதியப்பட்டிருந்தது. 2015–16-இல் இது 80 ஆக இருந்தது. முன்னேற்றம் தெளிவு. ஆனால் அதே ஆய்வில் இறப்புப் பதிவு நூற்றுக்கு 71 மட்டுமே. அதிலும் ஆண்களின் இறப்பைவிடப் பெண்களின் இறப்பும் குழந்தைகளின் இறப்பும் குறைவாகவே பதிவாகின்றன.

இவ்வேறுபாட்டின் காரணம் நுணுகி நோக்கத்தக்கது. இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. கருவுற்ற செய்தி தெரிந்ததும் கிராம சுகாதாரச் செவிலியர் தாயின் பெயரைப் பதிந்து ஓர் எண் வழங்குகிறார். பிள்ளை பிறந்ததும் மருத்துவமனையே அறிக்கை அனுப்புகிறது. ஏடு தாயைத் தேடிச் செல்கிறது. எனவே பதிவு நிறைவுறுகிறது. இறப்போ பெரும்பாலும் வீட்டில் நிகழ்கிறது. அங்கே ஏடு தேடி வருவதில்லை. துக்கமுற்றோர் ஏட்டைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது.

அவர்கள் எப்போது தேடிச் செல்கிறார்கள்? நிலம் இருந்தால், காப்பீடு இருந்தால், வங்கியில் பணம் இருந்தால், ஓய்வூதியம் வருவதாயிருந்தால் செல்கிறார்கள். பெயரில் ஒரு சென்ட் நிலமும் இல்லாத பாட்டி இறந்தால் சான்றிதழ் எவருக்கும் தேவைப்படுவதில்லை. பிறந்த மூன்றாம் நாள் கண்மூடிய சிசுவின் சான்றிதழைக் கேட்டு எந்த அலுவலகமும் ஆளனுப்புவதில்லை. ஆக, நம் இறப்புப் பதிவு சொத்தின் பின்னே நடக்கிறது. உயிரின் பின்னே நடக்கவில்லை. இதுவே இம்முறையின் அடிப்படைக் குறை என்பது நம் கருத்து.

எண்ணியதால் விளைந்த நன்மை

இறந்தவரை எழுதி வைப்பதால் இருப்பவர்க்கு என்ன பயன் என்று மாணவர் வினவக் கூடும். இலண்டன் நகரில் வாரந்தோறும் வெளியான இறப்புப் பட்டியல்களைத் தொகுத்து ஆராய்ந்து, ஜான் கிராண்ட் என்னும் துணி வணிகர் 1662-இல் ஒரு நூல் வெளியிட்டார். மக்கள்தொகை ஆய்வு என்னும் துறைக்கே அது வித்தாயிற்று. 1854-இல் அந்நகரின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, பதிவாளர் அலுவலகத்தின் இறப்புப் பட்டியலைக் கொண்டே மருத்துவர் ஜான் ஸ்னோ நோய்க்குக் காரணமான குடிநீர்க் குழாயை இனங்கண்டார்.

நம் மாநிலத்திலும் சான்றுகள் உண்டு. 1990-களில் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களின் ஏடுகளில் சில பெண் சிசுக்களின் இறப்புக்கு எதிரே ‘சமூகக் காரணம்’ என்று குறிக்கப்பட்டிருந்தது. பெண்சிசுக் கொலைக்கு அலுவலக நடை இட்ட பெயர் அது. 1995-ஆம் ஆண்டின் அந்த ஏடுகளை ஆராய்ந்து ஷீலாராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1997-இல் எழுதிய கட்டுரை, அக்கொடுமை எவ்வெப்பகுதிகளில் செறிந்திருந்தது என்பதைப் புலப்படுத்தியது. உசிலம்பட்டியைப் பற்றிய வதந்தி என்று ஒதுக்கப்பட்ட செய்தி, ஏட்டில் ஏறிய பின்னர் எவராலும் மறுக்கவியலாத உண்மையாயிற்று.

அண்மைச் சான்று கொரோனாக் காலத்தைச் சார்ந்தது. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டையும் மாநிலக் கணக்கையும் ஒப்பிட்டபோது விடுபாடுகள் தெரியவந்தன. 2020 ஜூலையில் 444 இறப்புகள் மாநிலக் கணக்கில் புதிதாகச் சேர்க்கப்பட்டன. நாடு முழுவதிலும் 2020-இல் ஏறத்தாழ 81 இலட்சம் இறப்புகள் பதிவாயின. 2021-இல் அது 1 கோடியே 2 இலட்சமாயிற்று. ஒரே ஆண்டில் 21 இலட்சம் மிகுந்தது. இதில் ஒரு பகுதி பதிவு மேம்பட்டதன் விளைவாகலாம். எனினும், அப்பெருந்தொற்றின் உண்மையான அளவைப் பற்றி அன்றாட அறிவிப்புகள் சொல்லாததைப் பதிவேடு சொன்னது. ஆனால் 2021-ஆம் ஆண்டின் இக்கணக்கு வெளிவந்தது 2025 மே மாதத்தில்தான். நான்காண்டு கழித்துச் சொல்லப்படும் இறப்புக் கணக்கு வரலாற்றாசிரியனுக்கு உதவும், மருத்துவனுக்கு உதவாது. 2021-இல் நடைபெற்றிருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உரிய காலத்தில் நடைபெறாத நிலையில், பதிவேட்டின் தேவை முன்னிலும் மிகுந்துள்ளது.

கந்தக பூமியின் கணக்கு

நம் விருதுநகர் மாவட்டத்திற்கு இப்பொருள் தனிச் சிறப்புடையது. முதலாவது, வயது. நாம் பிறந்த காலத்தில் பேறு பெரும்பாலும் வீட்டில் நிகழ்ந்தது. நம் பிறப்பைப் பாட்டனார் ஒரு கிதாபின் முகப்புத் தாளில் அரபுத் தமிழில், பிறைத் தேதியோடு குறித்து வைத்தார். அரசின் ஏட்டில் குறிக்கவில்லை. பள்ளியில் சேர்த்த நாளில், வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். விரல் காதில் பட்டது. ஐந்து வயது நிரம்பியதெனக் கொண்டு, சேர்க்கைக்கு வசதியாக ஒரு தேதியை எழுதிக் கொண்டார். இன்றும் நம் பணிப்பதிவேட்டில் நிற்பது அவர் தந்த பிறந்த நாளே. நமக்கு அதனால் பெருங்கேடு இல்லை; ஓய்வு பெறும் நாள் சிறிது மாறும், அவ்வளவே.

ஆனால் தீப்பெட்டிக் கட்டைகளை அடுக்கச் சென்ற குழந்தைக்கு அவ்வாறில்லை. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில், ஆய்வாளருக்கும் ஆலை நடத்துவோருக்கும் இடையே குழந்தையின் வயது பற்றி ஐயம் எழுந்தால், வயதுச் சான்று இல்லாதவிடத்து மருத்துவ அதிகாரியின் முடிவுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு. பிறப்புச் சான்று இல்லாத குழந்தையின் வயதைப் பல்லையும் எலும்பையும் பார்த்துக் கணிக்க வேண்டிய நிலை அது. அக்கணிப்பில் ஓரிரு ஆண்டு முன்பின்னாவது இயல்பு. பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட அவ்விடைவெளியில்தான் குழந்தைத் தொழில் ஒளிந்துகொண்டது. சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்து, பணிக்கமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ரூ. 20,000 செலுத்தப்பட வேண்டுமென ஆணையிட்டது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், 18 வயது நிரம்பாதோரை வெடிபொருள் தொழிலில் ஈடுபடுத்தக் கூடாது என்று வரையறுத்தது. இவ்வளவு பெரிய தீர்ப்பும் சட்டமும் தாங்கி நிற்பது பிறப்புச் சான்று என்னும் ஒரு தாளையே.

இரண்டாவது, இறப்பின் காரணம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2024 மே 1 அன்று, உலகம் உழைப்பாளர் நாள் கொண்டாடிய பொழுதில், காரியாபட்டி அருகே கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூவர் மாண்டனர். இத்தகைய இறப்புகள் எண்ணப்படுகின்றன, செய்தியாகின்றன, இழப்பீடும் அறிவிக்கப்படுகிறது. ஆனால் ஓசையின்றி இறப்பவர் உளர். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கலந்த காற்றை ஆண்டுக்கணக்கில் உள்வாங்கி, நாற்பது ஐம்பது வயதில் மூச்சு முட்டி வீட்டுத் திண்ணையில் அடங்குவோர் அவர்கள். அத்தொழில்தான் அவரைக் கொன்றதா, வேறு நோயா? விடை சொல்ல நம்மிடம் ஏடு இல்லை. 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகளுள் மருத்துவர் சான்றளித்த காரணம் உடையவை நூற்றுக்கு 22.5 மட்டுமே.

இறப்பு அறிக்கைப் படிவத்தில், இறந்தவர் புகைபிடித்தவரா, எத்தனை ஆண்டுகள். புகையிலை மென்றவரா, எத்தனை ஆண்டுகள். மது அருந்தியவரா, எத்தனை ஆண்டுகள் என்று கேட்கப்பட்டு வந்திருக்கிறது. தொழிலுக்கோ ஒரே ஒரு கட்டம். அதில் ‘கூலி’ என்று எழுதினால் முடிந்தது. அவர் இழுத்த பீடியைக் கணக்கிடும் படிவம், அவர் இழுத்த மருந்துத் தூளைக் கணக்கிடுவதில்லை. எத்தொழிலில், எந்தப் பணியில், எத்தனை ஆண்டுகள் என்று மூன்று கட்டங்கள் சேர்த்தால், பத்தே ஆண்டுகளில் இம்மாவட்டத் தொழிலாளரின் ஆயுளைப் பற்றிய உண்மை வெளிப்படும்.

அச்சங்கள்

பதிவு செய்யாமைக்கு அறியாமை மட்டுமே காரணமன்று, அச்சமும் காரணம். இறப்பைப் பதிந்தால் குடும்ப அட்டையில் பெயர் நீங்கும், அரிசி குறையும் என்று ஏழைகள் தயங்குகின்றனர். அவர்களைக் குறை கூறுவதால் பயனில்லை. இறப்புப் பதிவு என்றால் எதையோ இழத்தல் என்னும் நிலையை மாற்றி, எதையேனும் பெறுதல் என்னும் நிலையை உருவாக்க வேண்டும். இறப்புப் பதியப்படும் அந்நாளிலேயே விதவை ஓய்வூதியம், தொழிலாளர் நல வாரிய உதவி, வாரிசுச் சான்று ஆகியவற்றுக்கான மனுக்களையும் ஒருங்கே பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும்.

நம் சமுதாயத்திற்கே உரிய மற்றோர் அச்சமும் உண்டு. அதனை மறைப்பதில் பொருளில்லை. அஸ்ஸாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியலில் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டனர். தாளில்லாதவன் நாடில்லாதவன் ஆவானோ என்னும் கவலை அன்று முதல் பல உள்ளங்களில் குடிகொண்டுள்ளது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்க்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், அரசுப் பணி போன்றவற்றுக்குப் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றே. நாடு தழுவிய தரவுத்தளம் ஒன்றும் அமைகிறது. மக்களை அறிந்துகொள்வதற்கான ஏடு, மக்களைச் சல்லடையிடுவதற்கான ஏடாக மாறிவிடலாகாது என்று வலியுறுத்தும் உரிமை நமக்குண்டு. ஒரே தாளின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றும் அரசு, அத்தாளை ஒவ்வொரு குழந்தைக்கும் கொண்டு சேர்க்கும் பொறுப்பையும் தானே ஏற்க வேண்டும். அதே வேளையில், அச்சத்தின் பெயரால் பதிவைத் தவிர்ப்பது நம்மை நாமே விடுவித்துக்கொள்ளும் வழியன்று. விடுபட்டுப் போகும் வழியே ஆகும்.

செய்யத்தக்கன

அரசு செய்ய வேண்டியது, பிறப்புக்குச் செய்ததை இறப்புக்கும் செய்வதே. கருவுற்ற தாயைத் தேடிச் செல்லும் கிராம சுகாதாரச் செவிலியர் அமைப்பு, வீட்டில் நிகழும் இறப்பையும் தேடிச் செல்லட்டும். மருத்துவர் பாராத இறப்பாயின், பயிற்சி பெற்றவர் உறவினரிடம் நோயின் அறிகுறிகளைக் கேட்டெழுதி, மருத்துவர் அதனைப் படித்துக் காரணத்தை வரையறுக்கும் முறை மாதிரிப் பதிவுத் திட்டத்தில் 2001 முதல் கையாளப்பட்டு வந்துள்ளது. அம்முறையை முதலில் இத்தகைய இடர்மிகு தொழில் மாவட்டங்களில் விரிவாக்கலாம். ஓராண்டு கடந்த பதிவுகளுக்கு ஏழைகளை அலைய விடாமல், வட்டந்தோறும் ஆண்டுக்கு இருமுறை முகாம் நடத்தி ஆணை வழங்கலாம்.

ஜமாஅத் செய்ய வேண்டியது அதனினும் எளிது. நம் பள்ளிவாசல்களில் நிக்காஹ் பதிவேடு எத்துணைக் கண்டிப்போடு பேணப்படுகிறது என்பதை நாடறியும். மணமகன், மணமகள், வலி, சாட்சிகள், மஹர் என அனைத்தும் அதில் உண்டு. கடன் கொடுக்கல் வாங்கலையும் எழுதி வைக்கப் பணிக்கும் மார்க்கம் நம்முடையது. அதே மேசையில் பிறப்புக்கு ஓர் ஏடும் இறப்புக்கு ஓர் ஏடும் சேர்த்து வைப்பதில் என்ன தடை? நல்லடக்கம் முடிந்த ஒரு வாரத்திற்குள் ஜமாஅத் அலுவலகமே பதிவாளருக்குத் தகவல் அனுப்பட்டும். ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டும் வழக்கமுடைய நமக்கு, 21 நாள் அவகாசம் போதுமானது. பெயர் சூட்டிய அந்நாளிலேயே பெயரோடு பிறப்பைப் பதிந்துவிட்டால், ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்று மட்டும் எழுதப்பட்ட பெயரற்ற சான்றிதழ்கள் ஒழியும். பெயர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணமில்லை; அதன் பின் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை வழியுண்டு. எனினும், தள்ளிப் போட்டதெல்லாம் தவறிப் போவதையே நாம் காண்கிறோம்.

இங்கே தமிழாசிரியர் என்ற முறையில் ஒரு சொல். ஒரே பெயரை முகமது, முகம்மது, முஹம்மது என்றும், முகைதீன், மைதீன், மொய்தீன் என்றும் இடத்திற்கொரு விதமாக எழுதுகிறோம். பிறப்புச் சான்றில் ஒன்று, பள்ளிச் சான்றில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று என்றாகும்போது, ஒரே மனிதர் மூன்று மனிதராகி அல்லற்படுகிறார். பெயர் சூட்டும் நாளில் தமிழ் எழுத்துக்கூட்டலையும் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் ஒரு தாளில் எழுதி முடிவு செய்து, வாழ்நாள் முழுவதும் அதனையே பின்பற்றுதல் நலம்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் மரம் நடுகிறீர்கள், சாலை சீரமைக்கிறீர்கள், மகிழ்ச்சி. இவ்வாண்டு விடுமுறையில் ஒவ்வொருவரும் தம் தெருவில் கடந்த ஈராண்டுகளில் நிகழ்ந்த பிறப்பையும் இறப்பையும் எழுதுங்கள். எத்தனை பேரிடம் சான்று உள்ளது, எத்தனை பேரிடம் இல்லை, ஏன் இல்லை என்று கேளுங்கள். இந்து, கிறித்தவர், முஸ்லிம் என்ற வேறுபாடின்றிக் கேளுங்கள். ஓராண்டு கடவாதவற்றுக்கு மனு எழுதிக் கொடுங்கள். கல்லூரியில் கற்ற தமிழ் ஒரு கைம்பெண்ணின் மனுவாக மாறும்போது அத்தமிழுக்கும் பெருமை உண்டு.

மஞ்சள் பையோடு வந்த அம்மையார் சென்ற ஆண்டு நம்மைச் சந்தித்தார். நிலம் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்ததாம். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்லி, பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். பேத்தியின் பிறப்புச் சான்றிதழ். பெயரோடு, பதினெட்டாம் நாளில் பதியப்பட்டது. தமக்கு எழுதப் படிக்கத் தெரியாவிடினும், இத்தாளுக்காகத் தாமே மருமகனை அழைத்துக்கொண்டு அலுவலகம் சென்றதாகக் கூறினார். அவர் துன்பத்தில் கற்ற பாடத்தை ஏனையோர் துன்பமின்றியே கற்க வழி செய்தல் படித்தோரின் கடமையாகும். தொட்டிலருகிலும் கபரருகிலும் நிற்பவர் நாமே. ஆதலின், முதல் வரியை எழுத வேண்டியவரும் நாமே என்பதை உணர்ந்து செயற்படுவோமாக.